படைப்புழுவுக்கு வரப்பு தெரியாது

சென்ற இதழில் ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர் எழுதியிருந்த கட்டுரையைப் படித்துவிட்டு அன்று மாலை கடையைச் சீக்கிரமே மூடினேன். சின்னசேலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் நான். கரண்டை நம்பிப் பிழைப்பவன். அந்தக் கட்டுரைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் சொல்வது இது. மின்கட்டமைப்பை இயக்கும் கணினிகள் இணையத்தோடு சேராமல் தனித்திருக்கின்றன, ஆகவே அவற்றை யாரும் தாக்க முடியாது. மீதமிருக்கும் ஆபத்து சீனா போன்ற நாடுகளின் கருவிகளால் வருவது, அவற்றைத் தடுத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது. மின்நிறுவனங்களும் அவற்றுக்குக் கருவியும் மென்பொருளும் விற்பவர்களும் தங்களுக்கு நேர்ந்த தாக்குதலை, தங்கள் பொருளில் கண்ட ஓட்டையை, ஒருவருக்கொருவர் உடனுக்குடன் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று கேட்பது வீட்டு ரகசியத்தைத் தெருவில் கொட்டுவதற்குச் சமம். கடைசியாக, சின்னசேலம் மாதிரி ஊரை எவன் தேடி வந்து தாக்கப்போகிறான்?

நான்கும் தவறு. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் இப்படி எழுதினால், படிப்பவர்கள் நம்பிவிடுவார்கள். அதனால் இது சாதாரணத் தவறும் இல்லை.

முதலில் தனித்திருத்தலைப் பார்ப்போம். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாளும் வட இந்தியாவின் மின்கட்டமைப்பு சரிந்தது. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என்று மூன்று மண்டலங்கள் இருண்டன. அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. காரணம் இணையத் தாக்குதல் இல்லை, கம்பிகளில் ஏறிய அளவுமீறிய சுமை. அன்று தமிழ்நாட்டில் விளக்கு எரிந்தது. தெற்கு மண்டலம் நேர்மின்சார இணைப்புகள் வழியாக மட்டுமே வடக்கோடு தொடர்பில் இருந்ததால் அந்தச் சரிவு இங்கே இறங்கவில்லை. ஆனால் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயக்கப்பட்டது. அன்றிலிருந்து காஷ்மீரும் கள்ளக்குறிச்சியும் ஒரே அதிர்வெண்ணில் துடிக்கின்றன. மின்சாரமே தனித்திருப்பதை விட்டுப் பத்தாண்டு தாண்டிவிட்டது. கணினி மட்டும் தனித்திருப்பதாக அவர் இன்னும் எழுதுகிறார்.

இதே வாதத்தை நாம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறோம். 2019 அக்டோபர் 28 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்திருக்கிறது என்று வெளியாள் ஒருவர், இணையப் பாதுகாப்பு வல்லுநர், பொதுவெளியில் சொன்னார். மறுநாள் நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்தியங்குபவை, இணையத்தோடு இணைக்கப்படாதவை, எனவே அவற்றின் மீது தாக்குதல் சாத்தியமே இல்லை. அதற்கும் மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. தீநிரல் இருந்தது உண்மை. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்–இன் அதை செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது. நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள வலையில் இருந்த ஒரு கணினியில்தான் அது இருந்தது, உலையை இயக்கும் வலை பாதிக்கப்படவில்லை என்பது கழகத்தின் விளக்கம்.

உலை பாதிக்கப்படவில்லை என்பதை ஏற்கிறேன். கட்டுரையாளரும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறார், தனித்திருந்ததே காப்பாற்றியது என்கிறார். ஆனால் உள்ளே வந்த அந்த டிட்ராக் என்ற தீநிரலின் வேலை என்ன? எதையும் உடைப்பது அதன் வேலை இல்லை. விசைப்பலகையில் அடிப்பதைப் பதிவது, எந்தெந்தக் கோப்பு இருக்கிறது, எந்தெந்த நிரல் ஓடுகிறது, வலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பது. திருட வருபவன் முதல் நாளே பூட்டை உடைப்பதில்லை, பகலில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவான். நிர்வாகக் கணினியில் என்ன இருக்கும் என்று இந்தப் பொறியாளருக்குத் தெரியாதா? எந்த நிறுவனத்திடம் எந்த உதிரிபாகம் வாங்குகிறோம், பராமரிப்புக்கு யார் வருகிறார், எப்போது வருகிறார் என்பதெல்லாம் இருக்கும் இடம் அதுதான். தனித்திருக்கும் கணினியை அடைய நினைப்பவனுக்கு வேண்டியதும் அந்தப் பட்டியல்தான். ஏனென்றால் தனித்திருக்கும் கணினிக்கும் ஒருநாள் பராமரிப்பாளர் பென் டிரைவோடு வருவார்.

2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் அப்படித்தான் போனது. ஈரானின் நதான்ஸ் அணுச் செறிவூட்டல் ஆலை இணையத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. தாக்கியவர்கள் முதலில் குறிவைத்தது ஈரானில் இருந்த வேறு ஐந்து நிறுவனங்களை. அங்கிருந்து அது ஆலைக்குள் நடந்து போனது. 2014இல் ஹேவெக்ஸ் வந்தது. தொழிற்சாலைக் கருவிகளுக்கு மென்பொருள் தரும் ஐரோப்பிய நிறுவனங்களின் வலைத்தளத்திலேயே, நிறுவும் கோப்புக்குள்ளேயே, நஞ்சைக் கலந்து வைத்தார்கள். மின்நிறுவன ஊழியர்கள் தங்களுக்கு விற்றவரின் சொந்தத் தளத்திலிருந்து, நம்பிக்கையோடு, தங்கள் கையாலேயே இறக்கிக்கொண்டார்கள். அவர்கள் விதியை மீறவில்லை. யாரிடம் வாங்க வேண்டுமோ அவரிடமே வாங்கினார்கள்.

நம் நாட்டுக்கே வருகிறேன். 2021 மார்ச் 1 அன்று ஒன்றிய மின் அமைச்சகம் ஓர் அறிக்கை தந்தது. நாட்டின் மின்ஓட்டத்தைக் கவனிக்கும் போசோகோ நிறுவனத்தின் சில கட்டுப்பாட்டு மையங்களில் ஷேடோபேட் என்ற தீநிரலின் அச்சுறுத்தல் இருப்பதாக 2020 நவம்பர் 19 அன்றே செர்ட்–இன் மின்னஞ்சல் அனுப்பியது, நடவடிக்கை எடுத்தோம், பாதிப்பில்லை என்றது அறிக்கை. அந்த ஷேடோபேட் உலகுக்கு முதலில் தெரிந்தது 2017இல். நெட்சாரங் என்ற தென்கொரிய நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றுக்குள் அது ஒளிந்திருந்தது. விற்றவர் கையெழுத்திட்டு அனுப்பிய சரக்குக்குள் பிறந்து புகழ்பெற்ற நஞ்சு, மூன்றாண்டு கழித்து நம் மின்கட்டுப்பாட்டு மையங்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்டது. இதற்குப் பிறகும் விற்பவர் வழியாக நஞ்சு வரும் சங்கிலியைப் பற்றிப் பேசுவது கற்பனை என்று எழுதுவது பொறுப்பற்ற செயல்.

அந்தக் கருவிகளைத் தடுத்தால் தீர்ந்தது என்ற அவருடைய இரண்டாவது வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. இறக்குமதியாகும் மின்கருவிகளில் தீநிரல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும், குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வாங்க முன் அனுமதி வேண்டும் என்று 2020 ஜூலை 2 அன்று மின் அமைச்சகம் போட்ட உத்தரவு தேவையான உத்தரவு. 2021 அக்டோபரில் மத்திய மின்சார ஆணையம் தந்த இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களும் நம்பகமான இடத்தில் வாங்கச் சொல்கின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. அது போதும் என்று சொல்பவரைத்தான் குறை சொல்கிறேன்.

துறைமுகத்தில் சோதித்து அனுப்பிய கருவிக்கு ஆறு மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு வருகிறது. அதைச் சோதித்தது யார்? சோலார்விண்ட்ஸ் நிறுவனம் 2020இல் அனுப்பிய புதுப்பிப்புக்குள் ஊடுருவியவர்களின் நிரல் இருந்தது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது போயிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. அது அமெரிக்க நிறுவனம். 2017 ஜூனில் உக்ரைனை முடக்கிய நாட்பெட்யா புகுந்தது உக்ரைனிலேயே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் வழியாக. 2022 பிப்ரவரி 24 அன்று வயாசாட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் செயற்கைக்கோள் மோடங்கள் தாக்கப்பட்டபோது, ஜெர்மனியின் எனர்கான் நிறுவனம் தன் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கவனிக்க முடியாமல் தவித்தது. காற்றாலையில் எந்தக் கோளாறும் இல்லை, காற்றாலைக்குப் பேச்சுவழி தந்தவரிடம் கோளாறு. காற்றாலைத் திறனில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிய தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்காமல் எப்படி இருக்க முடியும்? சீனப் பொருளை மட்டும் தடுத்தால் போதும் என்றால், இந்த மூன்றில் எதைத் தடுத்திருப்பார் கட்டுரையாளர்?

சின்னசேலத்தை எவன் தாக்குவான் என்ற கேள்விக்கு என் கடை மாடியிலிருந்தே பதில் சொல்கிறேன்.

மாடியில் 5 கிலோவாட் சூரியத் தகடு போட்டிருக்கிறேன். அதன் இன்வெர்ட்டரில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு செருகியிருக்கிறது. வைஃபை வழியாக அது எங்கோ இருக்கும் சர்வருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புகிறது. பொருத்திய தம்பி ஒருநாள் சர்வீசுக்கு வந்தபோது தன் கைபேசியைக் காட்டினான். அதில் சின்னசேலம் தொடங்கி ஆத்தூர் வரை அவன் நிறுவனம் பொருத்திய கூரைகள் எல்லாம் பெயரோடு வரிசையாக இருந்தன. எதைத் தொட்டாலும் அது எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று தெரிந்தது. நிறுத்துவதற்கும் பொத்தான் இருந்தது. "அண்ணே, எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், மறக்காம இருக்கும்ல" என்றான். நல்ல பையன், உழைப்பாளி. அவனுக்கு அது வசதி என்று மட்டும்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

ஒரு கூரை 5 கிலோவாட். ஊரே கூரை போட்டால்? ஒரே கையில் இருக்கும் பல ஆயிரம் கூரைகள் ஒரே நொடியில் நின்றால், அது ஒரு சிறு மின்நிலையம் நின்றதற்குச் சமம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு சீன நிறுவனத்தின் இன்வெர்ட்டர்கள் பல, இங்கே பயன்படுத்த அனுமதியில்லை என்ற அறிவிப்பைத் திரையில் காட்டிவிட்டு நின்றுபோயின. விற்பனை உரிமைத் தகராறின் நடுவே நடந்தது அது. விரோதி நாடு வேண்டாம், வியாபாரச் சண்டையே போதும்.

அதோடு, தாக்குபவனுக்கு உங்கள் ஊர்மேல் ஆசை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2022 ஏப்ரலில் ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை தந்தது. லடாக்கை ஒட்டிய வட இந்தியப் பகுதியில் குறைந்தது ஏழு மின்சுமை அனுப்பீட்டு மையங்களைக் குறிவைத்த ஊடுருவல் பற்றியது அது. அந்த ஊடுருவலை இயக்க இடைத்தரகாகப் பயன்பட்டவை தைவானிலும் தென்கொரியாவிலும் யாரோ மாட்டி வைத்த கண்காணிப்பு கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளும். அந்தக் கேமராவின் சொந்தக்காரர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவரிடம் யாருக்கும் பகையும் இல்லை. எங்கள் கடைத்தெருவில் கதவுக்குக் கதவு மாட்டியிருக்கும் கேமராவும் அதே சாதி. அவை லடாக்குக்கு வேண்டாம் என்றால் இன்னொரு ஊருக்குத் தேவைப்படும்.

இப்போது அவருடைய மூன்றாவது வாதம், என்னை எழுத உட்கார வைத்த வாதம்: சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு.

அதற்குப் பதில் எங்கள் ஊர்க் காட்டிலேயே இருக்கிறது. 2018இல் எங்கள் பக்கம் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் கர்நாடகத்தின் சிவமோகாவில் இந்தியாவிலேயே முதன்முறையாக அதைக் கண்டிருந்தார்கள். சில மாதங்களில் தமிழ்நாட்டில். சின்னசேலம் வட்டாரத்தில் மானாவாரிச் சோளம் போட்டவர்கள் முதலில் அதை வழக்கமான குருத்துப்பூச்சி என்றே நினைத்து வழக்கமான மருந்தை அடித்தார்கள். குருத்துக்குள் மரத்தூள் மாதிரி எச்சம், புழுவின் தலையில் தலைகீழ் ஒய் எழுத்து, வால் பக்கம் நான்கு புள்ளி. இந்த மூன்றையும் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்ன ஊர்களில் கொஞ்சம் தப்பியது. என் காட்டில் விழுந்ததைச் சொன்னால் சோளத்துக்கு விலை போகாது என்று வாயை மூடிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அந்தப் புழுவின் அந்துப்பூச்சி ஓர் இரவில் பல கிலோமீட்டர் பறக்கும். அதற்கு வரப்பு தெரியாது, பட்டா தெரியாது. ஒருவர் மட்டும் மருந்தடித்து அதை ஒழிக்க முடியாது. ஊர் முழுக்க ஒரே வாரத்தில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, எவர் பொறியில் எத்தனை விழுந்தது என்று மறைக்காமல் சொன்னால்தான் வழி கிடைக்கும்.

மின்கட்டமைப்பும் அப்படித்தான். ஒரே நிறுவனத்தின் ரிலே, ஒரே நிறுவனத்தின் ஃபயர்வால், ஒரே நிறுவனத்தின் மீட்டர் மென்பொருள் பல மாநில மின்நிறுவனங்களில் இருக்கின்றன. ஹரியானாவில் ஓட்டை தெரிந்தால் அதே ஓட்டை இங்கும் இருக்கும். 2018 மார்ச்சில் ஹரியானாவின் வடபகுதி மின்விநியோக நிறுவனத்தின் பில் கணக்கைப் பூட்டிவிட்டு ஒரு கோடி ரூபாய் கேட்டார்கள். 2022 ஏப்ரலில் அசாமின் துலியாஜானில் ஆயில் இந்தியா நிறுவனக் கணினிகளை முடக்கிவிட்டு 75 லட்சம் டாலர் கேட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டாடா பவர் தாக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் மற்றவர்களுக்குப் பாடமாக வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் கேள்வி. கூடங்குளத்தில் செப்டம்பர் 4 அன்றே தெரிந்த செய்தியை மக்கள் அக்டோபர் 30இல், அதுவும் ஒரு வெளியாள் போட்டு உடைத்த பிறகு, ஒரு மறுப்புக்கும் பிறகு கேட்டார்கள். எட்டு வாரம். கட்டுரையாளர் மெச்சும் மௌனம் இதுதான்.

பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு டென்மார்க் இருக்கிறது. அங்கே மின்சாரம், வெப்பம், தண்ணீர் தரும் நிறுவனங்கள் சேர்ந்து செக்டார்செர்ட் என்ற லாபநோக்கற்ற மையத்தை நடத்துகின்றன. ஒவ்வொரு நிறுவனத்தின் வலை வாசலிலும் அந்த மையத்தின் உணர்கருவி இருக்கிறது. 2023 ஏப்ரல் 25 அன்று, ஸைக்செல் என்ற தைவான் நிறுவனம் தன் ஃபயர்வாலில் ஆபத்தான ஓட்டை இருப்பதாக அறிவித்தது. மே 1 அன்று மையம் தன் உறுப்பினர்களை எச்சரித்தது. மே 11 அன்று தாக்குதல் தொடங்கியது. குறிவைக்கப்பட்ட 16 நிறுவனங்களில் 11 உடனே வீழ்ந்தன. மாத இறுதிக்குள் மொத்தம் 22 நிறுவனங்கள் ஊடுருவப்பட்டன, டென்மார்க்கின் அத்தியாவசியக் கட்டமைப்பின் மீது அதுவரை நடந்ததிலேயே பெரிய தாக்குதல். ஒரு நிறுவனம் தன் வலையை மட்டும் பார்த்திருந்தால் சிறு சலசலப்பு என்று விட்டிருக்கும். எல்லார் வாசலையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் இது ஒரே கையின் வேலை என்று தெரிந்தது. அன்றிரவே வீழ்ந்த இடங்களின் ஓட்டையை அடைத்தார்கள். சில நிறுவனங்கள் வெளியுலகத் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு தனியாக இயங்கின. மக்களுக்கு மின்சாரம் நிற்கவில்லை.

கட்டுரையாளர் தனித்திருத்தலைப் போற்றுகிறாரே, அந்தத் தனித்திருத்தலை எப்போது, யார் சொல்லிச் செய்தார்கள் என்பதைக் கவனிக்கட்டும். எல்லாருக்கும் பொதுவான மையம் சொன்னதால்தான் கதவை எப்போது சாத்துவது என்று தெரிந்தது.

அந்த மையம் பிறகு வெளியிட்ட அறிக்கையில் இன்னொன்றையும் மறைக்காமல் எழுதியது. எச்சரிக்கை வந்தும் ஏன் பலர் ஓட்டையை அடைக்கவில்லை? புதுக் கருவிதானே, சரியாகத்தான் இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். அதை விற்றவர் பார்த்துக்கொள்வார் என்று சிலர். நிறுவித் தர விற்றவர் கூலி கேட்டதால் வேண்டாமென்று விட்டவர்கள் சிலர். அப்படி ஒரு கருவி தங்களிடம் இருப்பதே தெரியாதவர்கள் சிலர். இந்த நான்கு பதிலையும் நான் என் கடையில் வாரந்தோறும் கேட்கிறேன். ஊர் பெயர்தான் வேறு.

ஆகவே நான் கேட்பது ரகசியத்தைத் தெருவில் கொட்டுவதை இல்லை. எந்தத் துணை மின்நிலையத்தின் எந்த ரிலேக்கு என்ன அமைப்பு என்பதை யாரும் வெளியே சொல்ல வேண்டாம். தாக்குதல் எந்த வழியாக வந்தது, எந்தப் பொருளின் எந்தப் பதிப்பில் ஓட்டை என்பதை, அதே பொருளை வைத்திருக்கும் எல்லாருக்கும் அன்றே சொல்ல வேண்டும். செர்ட்–இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி ஆறு மணிநேரத்தில் அரசுக்குச் சொல்ல வேண்டும். அது மேலே போகும் செய்தி. பக்கவாட்டில், மின்நிறுவனத்திலிருந்து மின்நிறுவனத்துக்கு, விற்றவரிடமிருந்து வாங்கியவருக்குப் போகும் வழிதான் மெலிந்து கிடக்கிறது. மின்துறைக்கென்று தனி அவசரக் குழு 2024இல் டெல்லியில் தொடங்கியிருக்கிறது. அனல், புனல், மின்தொடரமைப்பு என்று பிரிவுவாரியாகக் குழுக்களும் உண்டு. நல்லது. அங்கே எழுதப்படும் எச்சரிக்கை சின்னசேலம் துணை மின்நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் ஆபரேட்டரின் மேசைக்குத் தமிழில் வந்து சேர்கிறதா என்று கேட்பதற்குக் கட்டுரையாளருக்கு முப்பது ஆண்டு அனுபவம் உதவியிருக்க வேண்டும்.

டெண்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்: உங்கள் மென்பொருளுக்குள் யார் யாருடைய மென்பொருள் இருக்கிறது என்று பட்டியல் தாருங்கள். மிக்சர் பொட்டலத்திலேயே உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று அச்சிட வேண்டும் என்கிறது சட்டம், தமிழ்நாட்டின் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மின்இணைப்புகளை ஆளப்போகும் மென்பொருளுக்கு அது கூடாதா? செர்ட்–இன் இதற்கும் வழிகாட்டுதல் தந்துவிட்டது. மாநில மின்நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் கேட்டால் எந்த நிறுவனமும் மறுக்காது. ஒரு நிறுவனம் மட்டும் கேட்டால் விற்பவர் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவார். ஓட்டை தெரிந்தால் இத்தனை நாளில் சொல்ல வேண்டும், அடைப்பதற்குக் காசு கேட்கக் கூடாது என்பதையும் அப்படிச் சேர்ந்துதான் எழுதி வாங்க முடியும்.

இத்தனைக்கும் மீறித் தாக்குதல் நடந்துவிட்டால்? உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின்விநியோக நிறுவனங்களின் திரையில் சுட்டி தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. ஏறத்தாழ இரண்டேகால் லட்சம் இணைப்புகளில் மின்சாரம் போனது. சில மணிநேரத்தில் திரும்ப வந்ததற்குக் காரணம், ஊழியர்கள் வண்டியெடுத்துக்கொண்டு துணை மின்நிலையங்களுக்குப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டதுதான். அந்தக் கை இங்கேயும் இருக்கிறது. வெள்ளிமலைக்கு மேலே மழை நாளில் கம்பியில் மரம் சாய்ந்தால், அரிவாளோடு ஏறிப்போகிற லைன்மேன்களை எங்களுக்குத் தெரியும். திரையில் நடப்பது பொய்யாக இருந்தால் முதலில் எதைக் கையால் போட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? எவன் வரப்போகிறான் என்று எழுதுபவர்கள் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

சூரியத் தகடு பொருத்திய அந்தத் தம்பி சர்வீசுக்கு வந்து போன அன்றே என் இன்வெர்ட்டரின் பாஸ்வேர்டை மாற்றினேன். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் அதே நிறுவனம் பொருத்திய ஒன்பது வீடுகளுக்கு நடந்தே போய் மாற்றிக் கொடுத்தேன். மற்ற கூரைகள் எவை என்று எனக்குத் தெரியாது. பட்டியல் அந்த நிறுவனத்திடம் மட்டும்தான் இருக்கிறது. அவர்களே எல்லாருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் போதும் என்று போன் செய்து கேட்டேன். அப்படிச் சொன்னால் வாடிக்கையாளர்கள் பயந்துவிடுவார்கள், வெளியே பேச வேண்டாம் என்றார்கள்.